பிப் விட்டுடச் சொன்ன படம்

படங்களை ஏற்றிக்கொண்டு கேலரி வேன் போன பிறகு ஹியூவெட் வீட்டுச் சுவர்கள் மூளியாகிவிட்டன. வெயிலில் மங்கிப்போன சுவர்த்தாளில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் புதுசு போலப் பளிச்சென்று நின்றன. எல்லாமே இடுப்பு உயரத்தில். நடையில் இருந்த ஒன்றே ஒன்றுதான் மேலே, மற்றவர்கள் வீட்டில் இருப்பதுபோல.

இதை வைத்து அந்த ஊரில் பேசாத பேச்சு கிடையாது. க்ளைவ் ஹியூவெட் ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். ஊர் மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுப் படத்தைப் பார்க்கத் தானே முதுகை வளைத்துக் குனிய வேண்டும். படமெல்லாம் வீட்டு நாய்க்காக மாட்டியதா என்று பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருமுறை கேட்டார். க்ளைவ் கோபப்படவில்லை. "ஆணி ஏற்கெனவே அங்கதான் இருந்துச்சு" என்றார். யார் கேட்டாலும் அதே பதில். அந்த மனுஷன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க யாராலும் முடிந்ததில்லை, கட்டிய மனைவி பெவர்லி உட்பட.

உண்மை என்னவென்றால் அந்த ஆணிகள் பிப்புக்காக அடித்தவை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம்.

பிப் அவர்களுடைய ஒரே மகள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பிலிப்பா, மற்ற எல்லா இடத்திலும் பிப். பிறக்கும்போதே கையும் காலும் அவள் சொல்பேச்சு கேட்கவில்லை. நாக்கும் அப்படித்தான். அவள் பேசுவது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் விளங்கும், அதில் ஒருத்தி அவளே. ஆனால் மூளை இருக்கிறதே, அது கத்தி.

சனிக்கிழமைகளில் அப்பனும் மகளும் படகுத்துறைக்கு மீன் பிடிக்கப் போவார்கள். டாஸ்மேனியாவில் சட்டம் கறார், அளவுகோலுக்குக் குறைந்த மீனைக் கடலிலேயே திருப்பி விட்டுவிட வேண்டும். தட்டைத்தலை மீன் ஒன்று மாட்டினால் க்ளைவ் அதைக் கோலில் வைத்துக் காட்டுவார், பிப் தீர்ப்புச் சொல்வாள். "வெச்சுக்கோ", அல்லது "விட்டுடு". தாராளமாக நீளம் இருக்கிற மீனுக்கும் சில நாள் "விட்டுடு" என்றுவிடுவாள். ஏனென்று கேட்டால் மூஞ்சி பிடிக்கவில்லை என்பாள். க்ளைவ் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிடுவார். அந்த வாரம் வீட்டில் முட்டைதான்.

பெவர்லியும் கூடப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் மாதா கோயில் கூடத்தில் ஒதுங்கினார்கள். அங்கே ஏதோ நிதிக்காகப் படங்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். சின்னப் படம் ஒன்று. கொல்லைப்புறத்தில் மறந்து விட்டுப்போன இஸ்திரிப் பலகை, அதன்மேல் ஒரு கோழி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த பெவர்லியை நிறுத்தச் சொன்னாள் பிப். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "வெச்சுக்கோ" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு ஏலக்கூடம், ஓவியர்களின் கொட்டகை என்று தீவு முழுக்க அலைந்தார்கள். வழக்கம் எப்போதும் ஒன்றுதான். பெவர்லி பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்திருப்பாள், க்ளைவ் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். பிடித்திருந்தால் பிப் நாற்காலிக் கையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள், க்ளைவ் கையைத் தூக்குவார். வியாபாரிகள் எல்லாரும் க்ளைவின் முகத்தையே வெறித்துக்கொண்டிருப்பார்கள், அங்கே ஏதாவது தெரியுமா என்று. மரப்பலகையில் என்ன தெரியும்? நாற்காலியில் இருந்த பெண்ணை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. "மாட்டு டாக்டரின் அபாரக் கண்" என்று பத்திரிகையில் வந்தபோது பிப் சிரித்த சிரிப்பில் புரையேறி, பெவர்லி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அன்றைக்கு அது மூன்று பேரின் வேடிக்கை. இருபத்தாறு வயதில், ஒரு குளிர்காலத்தில், நெஞ்சில் சளி கட்டி பிப் போய்விட்டாள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லாமல் போனபிறகு அது வேறு என்னவோ ஆகிவிட்டது. மகளின் பாராட்டெல்லாம் அப்பன் கணக்கில் சேர்வதைப் பெவர்லி திருட்டு என்றே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து க்ளைவ் மகளின் பெயரைச் சொல்லவில்லை. பெவர்லி பேச்செடுத்தால் கத்தமாட்டார், சண்டை போடமாட்டார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கொல்லைக் கொட்டகைக்குப் போய்விடுவார். கொஞ்ச நாள் அவளும் விடாமல் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அலுத்துவிட்டது. தொப்பிக்குப் பேச்சு வராது, கல்லுளிமங்கனுக்கும் வராது.

அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்து அறுக்கிற ஒன்று. பிப்பைக் குளிப்பாட்டியவள் அவள், ஊட்டியவள் அவள், தூக்கிப் படுக்க வைத்தவள் அவள். ஆனால் படம் பார்க்கும்போது மட்டும் எப்போதும் பின்னால்தான் நின்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பின்னந்தலைதான். பிடித்த படம் கண்ணில் பட்ட அந்த நிமிஷம் பிள்ளையின் முகம் எப்படி ஆகும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தருக்குத்தான் தெரியும். பெயரையே சொல்லவிடாத மனுஷனிடம் இதை எப்படிக் கேட்பது?

போன கோடையில் ஃபிரேயா வந்தாள். கேலரிக்குப் புதிதாக வந்த பொறுப்பாளர், மெல்பர்ன்காரி. க்ளைவ் அவளிடம் "வடக்குத் தீவுலேர்ந்தா?" என்று கேட்டார். ஆஸ்திரேலியப் பெருநிலத்தை டாஸ்மேனியர்கள் அப்படித்தான் கிண்டல் பண்ணுவார்கள். பாவம், அவள் வேறு ஏதோ தீவு என்று நினைத்துக்கொண்டு விழித்தாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் இல்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, மொத்தப் படங்களையும் கடனாகக் கொடுங்கள், கண்காட்சி வைக்கிறேன் என்றாள். க்ளைவ் ஏன் சரி என்றார் என்று பெவர்லிக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. திடீரென்று வாங்குவதை நிறுத்திவிட்டீர்களே, ஏன் என்று ஃபிரேயா கேட்டபோது, சுவரில் இடமில்லை என்றார். அவருக்குப் பின்னால் அரைச்சுவர் காலியாகக் கிடந்தது.

பிறகு அவள் நடையில் நின்றாள். ஆணி மேலே இருந்த அந்த ஒரே படத்தின் முன்னால். பெரிய படம், பாறை முனையும் கலங்கரை விளக்கமும், வானம் முழுக்க ஆரஞ்சு. இதுதான் உங்கள் கண்ணின் உச்சம், இதையே விளம்பரத்துக்கு வைக்கிறேன் என்றாள். கண்காட்சிக்குப் பெயரும் சொன்னாள். ஒரே ஒருவரின் கண்.

"பரவால்ல" என்றார் க்ளைவ்.

இந்தக் கரையில் பரவாயில்லை என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, உன்னோடு மல்லுக்கட்டத் தெம்பும் இல்லை என்று அர்த்தம். உள்ளூர்க்காரி யாராயிருந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் பெயரை மாற்றியிருப்பாள். ஃபிரேயா சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

பெவர்லிக்கு வயிறெரிந்தது. அந்த ஆரஞ்சுப் படத்தின் கதை அவளுக்குத் தெரியும். ஓவியரின் கொட்டகையில் பிப் அதை ஒரே பார்வை பார்த்துவிட்டு, அரை நிமிஷம்கூட ஆகாமல் "விட்டுடு" என்றாள். வண்டியில் வரும்போதுகூட அதைக் கேலி செய்துகொண்டே வந்தாள், வானத்தில் யாரோ பூசணிக்காய் சூப்பைக் கொட்டிவிட்டார்கள் என்று. அவள் போன அடுத்த வசந்தத்தில் க்ளைவ் தனியாகப் போய் அதையே வாங்கிக்கொண்டு வந்து நடையில் மாட்டினார். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு படம்கூட வாங்கவில்லை.

திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், மாட்டியாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று ஃபிரேயா கூப்பிட்டாள். பெவர்லிதான் வண்டி ஓட்டினாள். க்ளைவுக்குக் கண்ணில் புரை, ஓட்டக்கூடாதென்று டாக்டர் தடுத்திருந்தார். ஊருக்குள் நுழைந்ததும் விளக்குக்கம்பம் ஒவ்வொன்றிலும் பூசணி சூப் தொங்கியது, அதன் கீழே க்ளைவின் பெயர்.

"ஒரே ஒருவரின் கண்ணாம்" என்றாள் பெவர்லி. "யார் கண்ணு, க்ளைவ்?"

"ரோட்டப் பாரு, பெவ்."

"நான் ரோட்டத்தான் பாக்கறேன். ரோடு பூரா இதான இருக்கு."

அவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓடுகிற வண்டியில் எழுந்து போகக் கொட்டகை இல்லை. பெவர்லிக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். ஆனாலும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. விழாவில் அவரே சொல்கிறாரா பார்ப்போம், சொல்லாவிட்டால் மேடையேறி நானே மைக்கைப் பிடுங்கிச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு பண்ணி, பேச வேண்டியதைக் குளியலறையில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள்.

கேலரியில் சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்றிருந்தது. ராட்னி என்ற ஆள் ஏணியில் நின்று விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நுழைகிற இடத்தில் கண்காட்சியின் பெயரைப் பெரிய கறுப்பு எழுத்துகளாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். படங்கள் ஒரே வரிசையாக, ஒரே கோட்டில், நிற்கிறவர்களின் பார்வை உயரத்தில் இருந்தன. உலகத்தில் எல்லாக் கேலரியிலும் அப்படித்தான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தன் வீட்டில் இத்தனை நல்ல படங்களா இருந்தன என்று பெவர்லிக்கே வியப்பாக இருந்தது.

க்ளைவ் கோழிப் படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றதும் முதுகை வளைத்துக் குனிந்தார்.

பழக்கம். அந்தக் கோழியைப் பார்க்க அவர் அத்தனை வருஷமும் குனிந்துதானே பார்த்தார்? இப்போது படம் அவர் தலைக்கு மேலே போய்விட்டது. குனிந்த மனுஷன் படத்துக்குக் கீழே இருந்த வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிரவே இல்லை.

ஃபிரேயா பதறிப்போய், இடுப்பு பிடித்துக்கொண்டதா என்று கேட்டு, ராட்னியின் முக்காலியை இழுத்துப் போட்டாள். க்ளைவ் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். விளக்கு வெளிச்சம் படத்தில் பட்டுக் கண் கூசியது.

"இங்கேர்ந்து எதுவும் தெரியல" என்றார்.

உட்கார்ந்தால் தெரியாது, நின்று பார்க்கிற உயரம் இது என்று ஃபிரேயா பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"நான் நின்னு பாத்ததே இல்ல, கண்ணு." க்ளைவ் கையை நீட்டி, எதிர்ச்சுவரில் தனியாக எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சுப் படத்தைக் காட்டினார். "அத மட்டுந்தான் நின்னு பாத்து வாங்கினேன். அது ஒண்ணுதான் என் கண்ணு. பாத்தியா, எவ்வளவு கண்றாவியா இருக்கு."

ஃபிரேயா சிரித்தாள், அவர் விளையாடுகிறார் என்று நினைத்து. அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கோவத்துல வாங்கினது. விட்டுட்டுப் போயிட்டால்ல, அந்தக் கோவம். நீ வேணாம்னதயே வாங்கி வெக்கிறேன் பாருன்னு வாங்கினேன். வாங்கி என்ன, திட்டக்கூட ஆள் இல்ல." அவர் கை மற்ற படங்கள் பக்கம் திரும்பியது. "மத்ததெல்லாம் அவ எடுத்தது. ஒண்ணு விடாம."

"யாரு, பெவர்லியா?" ஃபிரேயா முகமெல்லாம் மலர்ச்சியோடு இவள் பக்கம் திரும்பினாள்.

"நான் இல்ல" என்றாள் பெவர்லி.

அதோடு வாயை மூடிக்கொண்டாள். குளியலறை ஒத்திகை முழுசும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு சின்ன வார்த்தை, அவள் எடுத்துக் கொடுத்தால் அவர் பாடு சுலபமாகப் போய்விடும். கொடுக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் நான் தனியாகச் சுமந்தேன், இன்றைக்கு நீ தூக்கு.

க்ளைவ் தொப்பியைத் தேடினார். தொப்பி வண்டியில் இருந்தது.

"பிப்" என்றார். கரகரவென்று, யாரோ வேற்று மனிதர் குரலில் வந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் சரியாகச் சொன்னார். "பிப். எங்க பொண்ணு."

பெவர்லி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இந்தப் பெயரைக் கேட்க ஏங்கிச் செத்தவள் அவள், அந்த மனுஷன் கடைசியில் அதைச் சொன்னது கடல் தாண்டி வந்த ஒரு பெண்ணிடமும் ஏணியில் நிற்கிற ஒரு ஆளிடமும். வலித்தது. வலித்தாலும் காதில் விழுந்ததே என்றிருந்தது.

மிச்சத்தை அவளே சொன்னாள். நாற்காலி, முக்காலி, விரல் தட்டு, ஆணி எல்லாம். ஃபிரேயாவின் முகம் வெளுத்துவிட்டது. ஊரெல்லாம் ஒட்டின சுவரொட்டியை இனிமேல் கிழிக்க முடியாது, அழைப்பிதழும் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று க்ளைவைக் கேட்டாள்.

"பரவால்லன்னு சொன்னேனே" என்றார் அவர்.

ராட்னி ஏணியிலிருந்து இறங்கி, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஃபிரேயாவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தத்தை விளக்கினார். பிறகு சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, படங்களைக் கீழே இறக்கினால் பழைய ஓட்டையெல்லாம் அடைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், காயுமா காயாதா தெரியாது, யாரும் சாயாமல் இருந்தால் சரி என்றார். ஃபிரேயா வாசலுக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு எழுத்துகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தாள்.

திறப்புவிழா அன்று காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், கணவனும் மனைவியும் வந்தார்கள். படங்களெல்லாம் கீழே இறங்கியிருந்தன. அறையே தாழ்ந்துபோன மாதிரி இருந்தது. ஆரஞ்சுப் படம் மட்டும் பழைய உயரத்தில் நின்றது. பக்கத்து அட்டையில் ஓவியரின் பெயருக்குக் கீழே, "பிப் விட்டுடச் சொன்னது. க்ளைவ் வைத்துக்கொண்டது" என்று எழுதியிருந்தாள் ஃபிரேயா. மற்ற எல்லா அட்டையிலும் பிப்பின் பெயர் மட்டும்.

க்ளைவ் முக்காலியை எடுத்துப் போய்க் கோழிப் படத்துக்கு முன்னால் போட்டார். நடுவில் போடவில்லை. வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் ஒரு சக்கர நாற்காலி நிற்கிற அளவுக்கு இடம் விட்டுப் போட்டார். விட்டது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. உட்கார்ந்ததும் படம் நேராக அவர் கண்ணுக்கு வந்தது.

பெவர்லி அவர் அருகே போனாள். இப்போது கேட்காவிட்டால் எப்போது?

"க்ளைவ், பிப் படம் பாக்கும்போது..." அவர் எழுந்து போகிறாரா என்று பார்த்தாள். போகவில்லை. "பிடிச்ச படத்தப் பாக்கும்போது, அவ முகம் எப்படி இருக்கும்? நான் பாத்ததே இல்ல. நான் எப்பவும் பின்னாடிதான நின்னேன். நீதான் பக்கத்துல இருந்த."

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். அந்தப் புரை விழுந்த கண்கள் அங்கேயும் இங்கேயும் தேடுவதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெரியல, பெவ்" என்றார். "நான் படத்தத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

பெவர்லி கேட்டது ஒரு கூடை கேள்வி இல்லை, ஒன்றே ஒன்று. அதற்கும் பதில் அவரிடம் இல்லை. இத்தனை வருஷம் அவர் எதையோ பூட்டி வைத்திருக்கிறார் என்றல்லவா நினைத்தாள். திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தவர் யாருமே கிடையாது.

"கை தெரியும்" என்றார் க்ளைவ். "தட்டறதுக்கு முன்னாடி கட்டைவிரல உள்ள மடக்கிக்குவா. எனக்கு அது ஓரக்கண்ணுல தெரியும். கை தூக்கணும்னு அதுலயே தெரிஞ்சுரும்." முக்காலியின் விளிம்பில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"உச்சியில ஒரு சுழி இருக்கும்ல" என்றாள் பெவர்லி. "எவ்வளவு வாரினாலும் படியாது. படம் பிடிச்சுப்போச்சுன்னா தலைய லேசா இடது பக்கம் சாய்ப்பா. அந்த முடி மட்டும் நட்டுக்கிட்டு நிக்கும்."

"எனக்குத் தெரியாதே" என்றார் அவர்.

வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், ஃபிரேயா யாரையோ வரவேற்கும் குரல் கேட்டது. பெவர்லி முக்காலிக்கு இடப்பக்கம் இருந்த காலி இடத்துக்குப் பின்னால் போய், பழைய இடத்தில் நின்றுகொண்டாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.